பிரேக் மாற்றியாயிற்று, செட் ஆக வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மாதவரம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் பழைய பிக்கப் வண்டிகள் பிரேக் வேலைக்கு வரிசையில் நிற்கும். எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி நெருங்கிய வண்டிகளும் அதில் உண்டு. காலையில் விடுகிறார்கள், சாயங்காலம் எடுக்கிறார்கள், அன்று இரவே காசிமேட்டில் மீனோ மணலியில் இரும்போ ஏற்றிவிடுகிறார்கள். புதிதாக மாட்டிய பேடும் (டிஸ்க் தட்டைக் கவ்வுவது) லைனரும் (டிரம் கூட்டை உள்ளிருந்து உரசுவது) வாழ்க்கையில் முதல் தடவை முழு அழுத்தம் வாங்குவது எண்ணூர் விரைவுச் சாலையில், முன்னால் போகிற கன்டெய்னர் டிரெய்லர் சட்டென்று நிற்கிற நேரத்தில். அப்போது புது பிரேக், கழற்றிப் போட்ட பழைய பிரேக்கைவிட மோசமாகப் பிடிக்கும். காசு செலவழித்து மாற்றியவருக்கு இது தெரிவதில்லை. மாற்றிக் கொடுத்தவரும் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிற கருவி. லோடோடு 3 டன் எடையுள்ள பிக்கப், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இருந்து ஒரே ஒரு முறை நின்றால் பிறக்கும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அதே வண்டி 40 கி.மீ.யில் இருந்து நின்றால் அதில் பாதிகூட வராது. வேகம் ஒன்றரை மடங்கானால் வெப்பம் இரண்டேகால் மடங்கு. இத்தனை சூட்டையும் சில நொடிகளுக்குள் வாங்கிக்கொள்வது நான்கு சக்கரங்களில் இருக்கும் உள்ளங்கை அளவுப் பொருள்கள்தான்.

அந்தப் பொருள் புதிதாக இருக்கும்போது இரண்டு குறை உண்டு. முதலாவது, அது எதிர் முகத்தில் முழுதாகப் பதியாது. பழைய டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும், புது பேடின் முகமோ தட்டையாக இருக்கும். ஆகவே மேடான வரிகளில் மட்டும் உரசும். டிரம்மில் இன்னும் மோசம். லேத்தில் கடைந்த டிரம்மின் வளைவும் புது லைனரின் வளைவும் ஒத்துப்போகாவிட்டால், லைனர் ஒட்டிய ஷூவின் நடுப்பகுதியோ இரண்டு முனைகளோ மட்டும்தான் தொடும். இரண்டாவது குறை வேதியியல் சார்ந்தது. பேடில் உள்ள பொருள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பினாலிக் ரெசின். முதல் சில கடும் சூட்டில் மேல்பரப்பு ரெசினில் இருந்து வாயு வெளிவந்து, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய மெத்தைபோல் நிற்கும். பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. பழைய பேடில் இந்த வாயு எப்போதோ வெளியேறியிருக்கும். அதோடு, பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் முகத்தில் ஏறி ஒட்டியிருக்கும். அந்தப் படலமும் பேடும் ஒன்றையொன்று பிடிப்பதால்தான் நல்ல பிரேக் நல்ல பிரேக்காக இருக்கிறது. புதியதில் அந்தப் படலத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். பட்டறையில் ‘செட் ஆகணும்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற விஷயத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

அதற்குப் போகும் முன், பிரேக்கை மேம்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பலர் பெரிய டிஸ்க், ஓட்டை போட்ட டிஸ்க் என்று தேடிப் போகிறார்கள். லோடு வண்டிக்கு ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது ஓட்டையில் இருந்துதான் விரிசல் ஓடும். பத்துப் பன்னிரண்டு வருட வண்டிக்கு உண்மையான மேம்பாடு, கம்பெனி கொடுத்த பிரேக்கை முதல் நாள் நிலைக்குக் கொண்டுவருவதுதான். ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்கள், டிரம் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் கிட், பேடை அழுத்தும் காலிபரின் சீல், ஆயில், நல்ல பேடு, அளவுக்குள் இருக்கும் டிஸ்க், டிரம். இவ்வளவும் சரியாக இருந்தாலே பல வண்டிகளின் குறை தீர்ந்துவிடும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பிரேக் அழுத்தினால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. ஒரு பக்கம் இழுக்கிற வண்டிக்குக் காலிபரை மாற்றியும் தீரவில்லை என்றால் ஹோஸைப் பாருங்கள்.

அதற்கு மேல் வேண்டும் என்றால், அதே கம்பெனியின் பிந்தைய மாடல் டிஸ்க், காலிபர், பூஸ்டர் (கால் பலத்தைக் கூட்டுவது), மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்குவது) ஆகியவற்றை ஒரு கூட்டாக எடுத்துப் போடலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு கெடும். முக்கால் அங்குல, அதாவது 19.05 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு 22.22 மி.மீ. சிலிண்டர் போட்டால் அதன் பரப்பு 36 சதவீதம் கூடும். அதே கால் பலத்துக்கு வருகிற அழுத்தம் முன்பிருந்ததில் 73 சதவீதமாகக் குறையும். பெடல் மேலே நிற்கிறது, ‘டைட்டா இருக்கு’ என்று ஓட்டுபவர் மகிழ்வார். வண்டி நிற்கும் தூரம் கூடியிருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: காலிபர் பிஸ்டனைப் பெரிதாக்கி மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் பெடல் தரைக்குப் போகும். நான்கு சக்கரமும் டிரம்மாக இருந்த வண்டிக்கு முன்பக்கம் டிஸ்க் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரம் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு இருக்கலாம். அது அப்படியே இருந்தால் டிஸ்க் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடி எரிந்துபோகும். டிஸ்க் பெரிதானால் 14 அங்குல ரிம்முக்குள் காலிபர் அடங்காமலும் போகலாம். மேலும், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பெரிய மாற்றம் செய்பவர் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

பாகம் வாங்குவதில் ஒரே ஒரு வேண்டுகோள். பாடியிலும் அம்பத்தூரிலும் உலகத்துக்கே பிரேக் பாகம் செய்து அனுப்புகிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு முத்திரை இல்லாத அட்டைப்பெட்டி பேடு வாங்கிப் போடுவது கொடுமை. மட்டமான பேடில் இரும்புத் தகட்டில் இருந்து உராய்வுப் பொருள் அப்படியே உரிந்து வரும். பழைய இரும்புக் கடையில் டிஸ்க், டிரம், காலிபர் எடுப்பதும் வேண்டாம். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்கூட்டிலோ குறைந்தபட்ச தடிமனும், டிரம்மின் முகத்தில் அதிகபட்ச உள்விட்டமும் பொறித்திருப்பார்கள். துருவைத் தேய்த்தால் தெரியும். அந்த எண்ணைத் தாண்டியது வெறும் இரும்பு. டிரம்மைக் கடையக் கொடுக்கும்போது கடைந்த பிறகு என்ன அளவு வரும் என்று கேளுங்கள். அதிகபட்ச அளவைத் தொட்டு நிற்கிற டிரம், தேய்மானத்துக்கு மிச்சமே இல்லாத டிரம்.

மாட்டுகிற வேலையில் அடிக்கடி நடக்கும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியை ஊதுகிறார்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். அதைப் பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தமான துணியில் அழுக்கு வராத வரை துடைக்காமல் மாட்டினால், அந்த எண்ணெயை முதல் பிரேக்கிலேயே பேடு குடித்துவிடும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவை ஒயர் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். நடுவே ஒரு சின்னத் துருச் செதில் இருந்தாலும் அதைவிடப் பெரிய ஆட்டமாக விளிம்பில் வரும். டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளந்தால் பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் துடிக்கும், ‘டிஸ்க் வளைஞ்சிருச்சு’ என்பார்கள். வளையவில்லை. மாட்டியதே கோணல். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே கதிதான். அதோடு, டிஸ்க் ஆடி ஆடிப் பேடைப் பின்னுக்குத் தள்ளும், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் பெடல் முதல் மிதியில் கீழே போகும்.

காலிபர் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்கள். சேஸிஸ் கிரீஸ் போட்டால் ரப்பர் உறை ஊறிப் பெருத்து, அந்தப் பின் இறுகிவிடும். உள்பக்கப் பேடு தேய்ந்து வெளிப்பக்கப் பேடு புதிதாக இருக்கிற வண்டிகள் பெரும்பாலும் இந்தப் பின் இறுகியவைதான். இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிடும் தவறு கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. அப்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கும், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். நிப்பிள் எப்போதும் காலிபரின் உச்சியில் இருக்க வேண்டும். பின் டிரம்மைப் பிரிக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் பார்த்துப் பூட்ட உதவும். தானாக டைட் ஆகும் அட்ஜஸ்டரில் இடது, வலது மரைகள் எதிரெதிராக இருக்கும். மாற்றிப் போட்டால் டைட் ஆவதற்குப் பதில் லூஸ் ஆகிக்கொண்டே போகும். ஆக்சில் ஆயில் சீல் கசிந்து நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது உயிரோடு விளையாடுவது. உள்ளே இறங்கிய எண்ணெய் சூட்டில் மறுபடி மேலே வரும். சீலையும் மாற்றி, இரண்டு பக்கத்து லைனரையும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் வண்டி இழுக்கும்.

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது பற்றி. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 (DOT 3, ஆயிலின் தர எண்) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் முறையே 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கடலோரம் ஓடுகிற வண்டிக்கு இது சின்ன விஷயமே இல்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும். மூடி திறந்து வைத்திருந்த பழைய டப்பாவைத் தொட வேண்டாம். அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்கினால் முழு லைனையும் கழுவி நிரப்பலாம். டாட் 5 என்பது சிலிகான், மற்றதோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் எல்லாம் வீங்கும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டிகளில் பொதுவாகப் பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. கம்பெனி புத்தகம் வேறு வரிசை சொன்னால் புத்தகம்தான் சரி. உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திறந்து, ஆயில் வந்ததும் மூடிவிட்டு, அதன் பிறகே ‘விடு’ என்று குரல் கொடுக்க வேண்டும். மூடும் முன் பெடலை விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள கலத்தில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். பல வருடமாகப் பாதி தூரமே போய்வந்த ரப்பர் சீல், இப்போது முழுத் தூரம் போனால் அங்கே படிந்திருக்கும் துருவிலும் கசட்டிலும் உரசிக் கிழியும். ஏர் எடுக்கும் வரை நன்றாக இருந்த சிலிண்டர் மறுநாள் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் பலர். காரணம் இதுதான்.

பிக்கப் வண்டிக்கே உரிய ஒரு பாகத்தைப் பற்றி வண்டி உரிமையாளர்கள் பலருக்குத் தெரியாது. பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்த வால்வு இருக்கும். லோடு ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும், காலி வண்டி என்றால் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுழலாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதிக எடை ஏற்ற ஆசைப்பட்டு கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டால் பின்புறம் உயர்ந்தே நிற்கும். வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும். ஒன்றரை டன் லோடு இருக்கும், பின் பிரேக்கோ காலி வண்டிக் கணக்கில் வேலை செய்யும். சுமை எல்லாம் முன் டிஸ்க்கில் விழும். முன் பேடு அடிக்கடி தீர்கிறது, டிஸ்க் சூட்டில் நீலம் பூக்கிறது என்பவர்கள் முதலில் கமானைப் பாருங்கள். வால்வைக் கம்பெனி அளவுக்குத் திரும்ப வைக்காமல் எந்த விலைப் பேடு போட்டும் பயனில்லை. ஏர் எடுக்கும்போதும் பின் ஆக்சிலைத் தொங்கவிட்டுத் தூக்கி நிறுத்தினால் இதே வால்வு வழியை அடைத்துக்கொள்ளும். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, கமான் எடை தாங்கும் நிலையில் எடுக்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை (வெற்றிடத்தை) ஒரு பம்ப் தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். சோதிப்பது எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், கல்லாகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பம்ப், ஹோஸ், ஒருவழி வால்வு, பூஸ்டர் இவற்றில் ஒன்று போயிருக்கிறது.

இனி செட் ஆக்குவதற்கு வருகிறேன். வண்டியை ஜாக்கியில் இருந்து இறக்கியதும், எஞ்சினை ஓடவிட்டு, கியர் போடாமல் பெடலைப் பல முறை மிதித்து மேலே கொண்டுவர வேண்டும். புது பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். முதல் இரண்டு மூன்று மிதி வெறும் தரைக்குத்தான் போகும். பட்டறையில் இருந்து ரிவர்ஸ் எடுத்து எதிர்ச் சுவரிலோ மனிதர் மீதோ மோதுகிற விபத்து இதனால் வருவது. நம் தெருக்களின் அகலம் எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டிப் பழக்க எண்ணூர் விரைவுச் சாலை உதவாது. கன்டெய்னர் வரிசை, பள்ளம், ஓரத்தில் நிற்கும் டிரெய்லர். மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலைப் பக்கம், ஞாயிறு விடிந்த பிறகு, போக்குவரத்து குறைவான நேரத்தில், மழை இல்லாத நாளில் போகலாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வண்டி காலியாகவோ கால் லோடிலோ இருக்கட்டும். முதலில் 30 கி.மீ. வேகத்தில் நான்கைந்து முறை மெதுவாக நிறுத்தி, இழுக்கிறதா, சத்தம் வருகிறதா, பெடல் மேலே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 50 கி.மீ.க்கு ஏறி, மிதமாக மிதித்து 15 கி.மீ. வரை இறக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். காலை எடுத்துவிட்டு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிரேக் தொடாமல் ஓட்டுங்கள், காற்றில் ஆறும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. அதன்பின் 60-இல் இருந்து 20 வரை, முன்பைவிடக் கொஞ்சம் அழுத்தி, ஐந்தாறு முறை. சக்கரம் பூட்டுகிற அளவுக்கு அல்ல. இந்தக் கட்டத்தில் கருகல் வாடை வரலாம். வாடையோடு பிடிப்பு குறைவதாகத் தோன்றினால், முன்பு சொன்ன ரெசின் வாயு வெளியே வருகிறது என்று பொருள். பயந்து இன்னும் அழுத்த வேண்டாம், நிறுத்திவிட்டு ஆறவிட்டு ஓட்டுங்கள், மறுபடி பிடிக்கும். புகை வந்தாலோ ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கொதித்தாலோ அது வேறு கோளாறு. பட்டறைக்குத் திரும்புங்கள்.

கடைசியில் பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தியதும் பெடலை மிதித்தே வைத்திருக்க வேண்டாம், ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடான டிஸ்க்கையோ டிரம்மையோ ஒரே இடத்தில் பேடோ லைனரோ கவ்வி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பொருள் திட்டாகப் படியும், அதன்பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தத் திட்டு பெடலை உதைக்கும். சிக்னலில் நிற்க நேர்ந்தாலும் முடிந்தால் முன்னால் இடம் விட்டு நின்று, வண்டியை ஒரு சாண் நகர்த்திக்கொள்ளுங்கள். ஆறாத டிஸ்க்கில் தண்ணீர் அடித்துக் கழுவுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

டிரம் இதைவிட மெதுவாகத்தான் செட் ஆகும். முதல் 300 கி.மீ. பாதி லோடுக்கு மேல் ஏற்றாதீர்கள். அதன்பின் டிரம்மைத் திறந்து லைனரின் முகத்தைப் பாருங்கள். பளபளப்பு முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தால் நல்லது. ஓரத்தில் மட்டும் பளபளத்தால் வளைவு சேரவில்லை. கண்ணாடிபோல் முழுக்க இறுகிக் கறுத்திருந்தால் சூடு தாங்காமல் கருகிவிட்டது. அப்போதே ஷூவை மறுபடி டைட் வைத்து, கடைசியாக ஹேண்ட் பிரேக் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து, கேபிளை இழுத்து ஷூ தேய்மானத்தை மறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தானாக டைட் ஆகும் அட்ஜஸ்டர் வேலையே செய்யாது. முதல் 100 கி.மீ. முடிந்ததும் வீல் நட்டுகளைப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இறுக்கத்தில் இருக்கும் நட்டு, நேரான டிஸ்க்கையும் கோணலாக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும்.

மீன் வண்டிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வண்டியின் பாடியில் இருந்து வழியும் உப்பும் ஐஸ் தண்ணீரும் பின் ஆக்சில் மேலேயே சொட்டுகின்றன. லோடு வால்வின் கம்பி, ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்சில் மேல் ஓடும் இரும்புப் பைப் ஆகியவை முதலில் போகும். தினமும் லோடு இறக்கியதும், பிரேக் ஆறிய பின், நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவினாலே ஆயுள் கூடும். வடிகால் குழாயை ஆக்சிலைத் தாண்டி வெளியே திருப்பிவிட்டால் இன்னும் நல்லது. துருப்பிடித்த பைப்பை நடுவே வெட்டி ஒட்டுப் போடக் கூடாது, முழு நீளமும் மாற்றி முனையை இரட்டை மடிப்பாக மடித்துப் பூட்ட வேண்டும். ஏசி கடையில் கிடைக்கிற சாதாரணச் செம்புக் குழாயைப் போடுகிறார்கள். அதிர்வில் இறுகி ஒரு நாள் வெடித்துவிடும்.

மழையில் சப்வே தண்ணீரைக் கடந்து வந்தால், மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகப் பெடலைத் தொட்டு உலர்த்துங்கள். டிரம்முக்குள் சேறு புகுந்த வண்டியைத் திறந்து சுத்தம் செய்யாமல் லோடு ஏற்றாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட தண்ணீரில் அச்சு வரை நின்ற வண்டியின் லைனரும் பேடும் உலர்ந்தாலும் உதவாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அதற்கு முந்தின நாள் பிரேக் மாற்றிக்கொண்டு போகும் வழக்கத்தை உரிமையாளர்கள் விட வேண்டும். செட் ஆகாத பிரேக், அங்கே பிரேக்கை அளக்கும் உருளை இயந்திரத்தில் இடது வலது வித்தியாசம் காட்டித் தோற்கவும் கூடும். இரண்டு வாரம் முன்னதாகச் செய்யுங்கள். பட்டறை நடத்துபவர்கள் பில்லில் நான்கு விவரம் எழுதித் தர வேண்டும்: டிஸ்க்கின் தடிமன், டிரம்மின் உள்விட்டம், ஊற்றிய ஆயிலின் வகை, 300 கி.மீ.க்கு மறுபடி பார்க்க வேண்டிய தேதி. ‘பாதி லோடு மட்டும்’ என்று ஒரு அட்டை எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டால் மறுநாள் ஓட்ட வருகிற டிரைவருக்கும் தெரியும். அவர்தான் அந்த வண்டியில் உட்காருகிறவர், அவரிடம் யாரும் சொல்வதில்லை. போக்குவரத்துத் துறை, எஃப்.சி. நினைவூட்டலோடு இந்த விவரத்தையும் தமிழில் அச்சிட்டு அனுப்பலாம். வடசென்னையின் லாரி செட்டுகளிலும் மீன்பிடித் துறைமுக வாசலிலும் ஒட்டலாம். தங்கள் நாளிதழ் மழைக்காலப் பக்கத்தில் இடம் கொடுத்தால் இன்னும் பல டிரைவர்களுக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.